மண்டையனுக்கு நாற்பத்தொரு விதிகள்

நவம்பர் 9

தம்பிக்கு,

உனக்குக் கடிதம் எழுத எனக்கு விருப்பமே இல்லை. நீ கிளம்பிய அன்று நான் வாசல்வரைகூட வரவில்லை என்பதை மறந்திருக்க மாட்டாய். ஆனால் காற்றையும் மழையையும் அளக்க நீ போயிருக்கிற அந்தத் தீவில் போன் கிடையாது, பத்து நாளைக்கு ஒரு படகுதான் வரும் என்று நீயே சொன்னாய். உன் மீனைப் பற்றி வேறு யாரிடம் முறையிடுவது? அதனால் எழுதுகிறேன்.

மண்டையன் உயிரோடு இருக்கிறான். அதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான உடம்பு, உடம்பெல்லாம் சிவப்பு, நெற்றியில் ஒரு திமில். இதை அழகு என்று எந்தக் கண்ணால் பார்த்தாயோ தெரியவில்லை. நான் துணி வெட்டும்போது கண்ணாடியோடு ஒட்டி நின்று என்னையே பார்க்கிறான். கத்தரிக்கோல் மின்னினால் போதும், வாயைத் திறந்துகொண்டு பாய்கிறான். நேற்று முன்தினம் தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் 'டம்' என்று ஒரு சத்தம். ஊசி விரலில் ஏறிவிட்டது. வீட்டில் தனியாக இருப்பவளுக்குத் துணை வைத்துவிட்டுப் போனாயா, பேயை வைத்துவிட்டுப் போனாயா?

தொட்டியின் பக்கவாட்டில் நீ ஒட்டிவைத்த தாளைப் படித்தேன். நாற்பத்தொரு விதிகள். எனக்குப் பையன் பிறந்திருந்தால்கூட இத்தனை விதி போட்டிருக்க மாட்டேன். நாற்பதைக் கடைப்பிடிக்கிறேன். இருபத்தொன்றாம் விதியை மட்டும் என்னிடம் சொல்லாதே. 'தொட்டிக்குப் பக்கத்தில் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது.' ரப்பர் செருப்பின் சத்தத்துக்கு அவன் மிரளுகிறானாம். தம்பி, என் தரையெல்லாம் குண்டூசி. அதோடு மெஷினுக்கு மோட்டார் மாட்டிய மெக்கானிக், "செருப்பு இல்லாம பெடல்ல கால வைக்காதீங்கம்மா, சுள்ளுனு இழுத்துடும்"னு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உன் மீனுக்காக நான் காலைப் பழுதாக்கிக்கொள்ள முடியாது. ஜன்னலோரத்தில் இருந்த என் வெட்டுமேஜையை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இருட்டுமூலைக்குத் தள்ளிவிட்டு அங்கே அந்தத் தொட்டியை வைத்தாய். அதற்கே நான் இன்னும் உன்னை மன்னிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விதிப்படி தண்ணீர் மாற்றினேன். பாதித் தண்ணீரைக் குழாய் போட்டு இறக்கினேன். புதுத் தண்ணீரை வாளிவாளியாக ஊற்றினேன். ஊற்றும்போது உள்ளே 'டக்' என்று ஏதோ சத்தம். கூழாங்கல்லை வாயால் தூக்கி எறிந்திருப்பான் என்று நினைக்கிறேன். அதுதான் அவனுடைய பொழுதுபோக்கு.

அக்கா

நவம்பர் 14

அக்காவுக்கு,

படகு இங்கே அரை மணி நேரம்தான் நிற்கும். மாவு மூட்டையும் எண்ணெய் டின்னும் இறக்கி முடிப்பதற்குள் கிளம்பிவிடும். உன் கடிதம் கைக்கு வந்தபோது படகு போய்விட்டது. ஆகவே இன்று நான் எழுதுவது 22ஆம் தேதிதான் ஏறும். உன் கைக்கு 24.

உன் கடிதத்தை நான்கு தடவை படித்துச் சிரித்தேன். எங்கள் நிலையத் தலைவருக்கும் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. அவர் எதற்கும் சிரிப்பதில்லை. மூன்று மணிக்கு ஒரு தடவை காற்றின் வேகம், காற்றழுத்தம், மழையளவு மூன்றையும் ரேடியோவில் கரைக்குச் சொல்ல வேண்டும். ஓர் எண் தவறினால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். இங்கே இருப்பது அவர், நான், ஒரு சமையல்காரர். சமையல்காரருக்குக் காது கேட்காது. உன் திட்டு எவ்வளவு ருசியானது என்று இங்கே வந்த பிறகுதான் தெரிகிறது.

மண்டையன் உன்னை முறைக்கவில்லை, அக்கா. அந்த வகை மீன்கள் ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளும். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். 'டக்' சத்தமும் கூழாங்கல்தான்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். மேஜையை நகர்த்தியது தப்பு. உன் கண் எப்படிப்பட்டது, எந்த வெளிச்சத்தில் நீ ஊசி கோக்கிறாய் என்று தெரிந்தும் செய்தேன். அப்பா அம்மா போன பிறகு அந்த மேஜையில் வெட்டித்தான் என்னைப் படிக்கவைத்தாய். கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்று சொல்லியிருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை. மன்னித்துவிடு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். தொட்டிக்குப் பக்கத்தில் போகும்போது மட்டும் அந்தச் செருப்பைக் கழற்றிவிடு. போன வருடம் பக்கத்து வீட்டுக்காரர் செருப்புச் சத்தத்தோடு விறுவிறுவென்று வந்ததில் மிரண்டு, கண்ணாடியில் மோதி, அவன் நெற்றி கிழிந்து இருபது நாள் சாப்பிடாமல் கிடந்தான். நானும் கிட்டத்தட்ட அப்படித்தான் கிடந்தேன். மற்ற நாற்பது விதியையும் கிழித்துப் போடு. எனக்காக இதை மட்டும் செய்.

தம்பி

நவம்பர் 17

தம்பிக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. எனக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. நான் பயந்துபோயிருக்கிறேன். கேலி செய்யாமல் படி.

அவன் என்னைக் கடிக்கிறான். ஆனால் பக்கத்தில் வராமலே கடிக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் மாற்றும்போது ஃபில்டரின் பஞ்சை எடுக்கக் கை விட்டேன். அவன் அந்தக் கோடியில், கல்லுக்குப் பின்னால் நிற்கிறான். நான் அவனையே பார்த்துக்கொண்டுதான் கையை விட்டேன். விரல் தண்ணீரில் பட்டதும், ஊசி குத்திய இடத்தில் சுரீர் என்றது. எறும்பு கடித்த மாதிரி. கையை எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. மறுபடி விட்டேன். இந்தத் தடவை முழங்கைவரை ஏறியது. அவன் வாயைத் திறக்கவே இல்லை. அங்கிருந்தே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இந்த மீனுக்கு உடம்பில் விஷம் ஏதாவது உண்டா? தண்ணீரிலேயே கக்கி வைக்குமா? உண்டென்றால் மறைக்காதே.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொன்னேன். "வயசாகுதுல்ல, நரம்பு தளர்ச்சியா இருக்கும்"னு சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாற்பத்தாறு ஒரு வயசா? ஆனால் இரண்டு நாளாக நான் தொட்டிக்குப் பக்கத்தில் போவதே இல்லை. குருணைத் தீனியைத் தூரத்தில் நின்று எறிகிறேன். மெஷினை வேறு பக்கம் திருப்பிப் போட்டுவிட்டேன். அவனுக்கு முதுகைக் காட்டித் தைக்க முடியவில்லை.

இன்னொன்று. நீ தொட்டிக்குள் மூலையில் நிற்க வைத்திருக்கிறாயே, தண்ணீரைச் சூடாக வைக்கும் கண்ணாடிக் குழாய், அதற்குள்ளேயும் தண்ணீர் முத்துமுத்தாக நிற்கிறது. முன்பு அப்படி இருந்ததாக நினைவில்லை. அது பரவாயில்லையா? தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் மாற்றப்போவதில்லை. அழுக்காகக் கிடந்தால் கிடக்கட்டும். அடுத்த ஞாயிறு பார்க்கலாம்.

அக்கா

நவம்பர் 22, மாலை

அக்கா,

தண்ணீரில் கை வைக்காதே. தண்ணீரைத் தொடாதே. செருப்பைக் கழற்றாதே. வாசல் பக்கம் இருக்கிற மெயின் சுவிட்சை அணை. மற்றதையெல்லாம் பிறகு படி.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தெரிகிறது, இது உனக்கு இன்று போகாது. படகு போய் இருபது நிமிடம் ஆகிறது. உன் கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு டின்களை இறக்கினேன். என் கடிதத்தைப் படகுக்காரரிடம் கொடுத்தேன். படகு பாறையைத் தாண்டிய பிறகுதான் சாவகாசமாக உட்கார்ந்து உறையைப் பிரித்தேன். அதற்குப் பிறகு கத்திக்கொண்டு ஓடினேன். அலைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

அது மீனில்லை, அக்கா. கரண்ட். ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீரை இறக்கியிருக்கிறாய். அந்தக் கண்ணாடிக் குழாய் தண்ணீருக்கு வெளியே நின்று சூடேறியிருக்கிறது. அதன்மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றியதும் கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது. அதுதான் அந்த 'டக்'. முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். நான் கூழாங்கல் என்று சிரித்தேன்.

உன் தப்பு இதில் துளியும் இல்லை. நாற்பத்தொரு விதி எழுதியவன், 'தண்ணீர் இறக்குவதற்கு முன் ஹீட்டர் சுவிட்சை அணை' என்று எழுதவில்லை. ஏழு வருடமாக என் கை தானாகப் போய் அதை அணைக்கும். அதை ஒரு விதியாக எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. கூழாங்கல்லை எந்த வாளியில் கழுவ வேண்டும் என்று எழுதினேன்.

மீனுக்கு ஒன்றும் ஆகாது. கண்ணாடித் தொட்டிக்குள் அவன் மிதக்கிறான், கரண்டுக்கு அவன் வழியாகத் தரைக்குப் போக வழியில்லை. உன் வழியாகப் போகலாம். இதுவரை உன்னைக் காப்பாற்றியது அந்தத் தேய்ந்த ரப்பர் செருப்பு மட்டும்தான். அதைக் கழற்றச் சொல்லித்தான் இன்று கெஞ்சிக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். அதோடு மன்னிப்பும் கேட்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டால் நீ எதையும் செய்வாய் என்று எனக்குத் தெரியும்.

நவம்பர் 24

இன்று அந்தக் கடிதம் உன் கைக்கு வந்திருக்கும்.

தலைவரிடம் ரேடியோவைக் கேட்டேன். "இது உங்க வீட்டு டெலிபோன் இல்ல. தென்கிழக்குல புயல் சின்னம் நிக்குது, கப்பலெல்லாம் நம்ம நம்பருக்காகக் காத்திருக்கு. எண்ணைத் தவிர ஒரு வார்த்தை போகக்கூடாது"ன்னு சொன்னார். காலில் விழுந்தேன். "கை நடுங்குற ஆள் ரேடியோவத் தொட வேண்டாம்" என்று சனிக்கிழமைவரை என் முறையையும் அவரே எடுத்துக்கொண்டார். ரேடியோ அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்திருக்கிறார்.

நீ பிடிவாதக்காரி. சின்ன வயதிலிருந்து நான் சொன்ன எதையும் நீ உடனே கேட்டதில்லை. இந்த ஒரு தடவையும் கேட்காதே. என்னைத் திட்டு. கடிதத்தைக் கிழித்துப் போடு.

நவம்பர் 25

தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. மேஜை பற்றி எழுதிய இடத்தை இரண்டு தடவை படித்தேன். வாய்விட்டு நீ மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. பொத்தான் தைத்துக்கொண்டே அழுதேன், பொத்தானைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன்.

நானும்தான் தப்பு செய்தேன். அன்று, "உன் மீன் செத்தா எனக்கென்ன, நீ போனா எனக்கென்ன"ன்னு கேட்டிருக்கக் கூடாது. நீ போனால் எனக்கு என்ன என்பது இந்த மூன்று வாரத்தில் நன்றாகத் தெரிந்துவிட்டது.

ஆகவே உன் ஆசைப்படி செய்துவிட்டேன். மெக்கானிக்கிடம் ஒரு பெரிய காந்தம் வாங்கி, நூலில் கட்டி, அறை முழுக்க இழுத்துக்கொண்டு நடந்தேன். நூற்றுக்கு மேல் குண்டூசி. இன்று காலை செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு தொட்டிப் பக்கம் போனேன். சத்தமே இல்லை. உண்மையாகவே அவன் மிரளவில்லை. மெல்ல மேலே வந்தான். விரலில் பிடித்திருந்த தீனியை அவனே வந்து வாங்கிக்கொண்டான். விரலுக்கும் தண்ணீருக்கும் ஓர் அங்குலம்தான் இருக்கும். நான்தான் இத்தனை நாளாக அவனைப் பயமுறுத்திக்கொண்டிருந்தேனோ என்று தோன்றியது.

அந்தச் சுரீர் விஷயத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. பக்கத்து வீட்டு அம்மா சொன்ன மாதிரி நரம்பாகத்தான் இருக்கும். மீன்மேல் இருந்த கோபத்தில் எனக்கே அப்படித் தோன்றியிருக்கிறது. தண்ணீர் மிகவும் கலங்கிவிட்டது, பாவமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் வேலையாகப் பாதி இறக்கி, இரண்டு கையையும் விட்டுக் கல்லையெல்லாம் தேய்த்துக் கழுவிவிடுகிறேன். வெறுங்காலோடுதான், போதுமா?

அக்கா

நவம்பர் 28, சனிக்கிழமை

அக்கா,

இன்று காலை ஆறு மணிக்கு என் முறை திரும்பக் கிடைத்தது. தலைவர் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். காற்று வடகிழக்கு, வேகம் பதினெட்டு என்று ஆரம்பித்தேன். அழுத்தம் சொல்ல வேண்டிய இடத்தில் உன் தெருவையும் கதவு எண்ணையும் சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஹீட்டர், கரண்ட், மெயின், செருப்பு. கரையில் இருந்தவர், "திருப்பிச் சொல்லுங்க, கேக்கல"ன்னார். ஒரே இரைச்சல். மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை பாதியில் தலைவர் சுவிட்சைத் தட்டிவிட்டார்.

கரையில் இருந்தவருக்குக் கேட்டதா, எவ்வளவு கேட்டது, கேட்டிருந்தாலும் யாராவது உன் வீடுவரை வருவார்களா, எதுவும் தெரியாது. நாளை ஞாயிற்றுக்கிழமை. நீ எட்டு மணிக்கு வாளியை எடுப்பாய். எனக்கு இங்கே கடலையும் கடிகாரத்தையும் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை.

தம்பி

நவம்பர் 30

தம்பி,

உயிரோடு இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு வாளித் தண்ணீரைக் குளியலறையிலிருந்து தூக்கிவந்து வரிசையாக வைத்தேன். தரையெல்லாம் ஈரம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன். ஐந்தாவது வாளியோடு வாசல் பக்கமாக வரும்போது காலில் ஏதோ ஒட்டியது. உதறினேன், போகவில்லை. செருப்புப் போட்டிருந்தால் தெரிந்திருக்கவே தெரியாது.

ஒரு துண்டுச் சீட்டு. சனிக்கிழமை நான் சீருடைகளைக் கொடுக்கப் பள்ளிக்குப் போயிருந்தபோது யாரோ கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்கள். உங்கள் ஆபீஸ் தாள். காற்று, வேகம் என்று கட்டம் போட்டது. கட்டத்துக்குக் கீழே பேனாவால் எழுதியிருந்தது: 'உங்கள் தம்பி சொன்னது. செருப்பைக் கழற்றாதே. மீதி கேட்கவில்லை.'

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மூன்று வாரம் கழற்று கழற்று என்று உயிரை வாங்கினாய். காந்தம் வாங்கி, முதுகு ஒடிய ஊசி பொறுக்கி, கழற்றிய பிறகு கழற்றாதேயா? இவனுக்குப் பைத்தியமா என்று சத்தமாகவே கேட்டேன். சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டுத் தொட்டிப் பக்கம் போய், கையை மடித்துவிட்டுக்கொண்டேன். மண்டையன் மேலே வந்து நின்றான்.

அப்போதுதான் மெஷின் கண்ணில் பட்டது. அந்த மெக்கானிக்கின் குரல் அப்படியே காதில் கேட்டது. 'செருப்பு இல்லாம பெடல்ல கால வைக்காதீங்கம்மா.' உலகத்தில் செருப்பைக் கழற்றாதே என்று எனக்குச் சொன்னவர்கள் இரண்டே பேர். ஒருவர் எதற்காகச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். இன்னொருவன் எதற்காகச் சொல்கிறான்?

தண்ணீருக்கு மேலே நீட்டியிருந்த கையை இழுத்துக்கொண்டேன். பின்வாக்கில் நடந்து போய் நாற்காலியில் ஏறி, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகு ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு, மெக்கானிக்குக்குப் போன் பண்ணச் சொன்னேன்.

அவர் செருப்போடு வந்தார். பாக்கெட்டிலிருந்து டெஸ்டரை எடுத்துத் தண்ணீரில் நுனியை வைத்தார். உள்ளே இருந்த குட்டி லைட் சிவப்பாக எரிந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்க்க மண்டையன் ஆற அமர நீந்திவந்தான். மெக்கானிக்குக்கு வியர்த்துவிட்டது. "இதுக்குள்ளயா கை வச்சீங்க?"ன்னு கேட்டார். இரண்டு தடவை என்று சொன்னேன். மெயினை அணைத்துவிட்டு அந்தக் குழாயை வெளியே எடுத்தார். மேலிருந்து கீழ்வரை முடி போல ஒரு கோடு.

நேற்றிலிருந்து படுக்கும்போதுகூடச் செருப்பைக் கழற்றவில்லை. பயமாக இருக்கிறது, தம்பி. மீனைக் கண்டு இல்லை. நீ எனக்காக அங்கே எப்படித் தவித்திருப்பாய், ஒரு வரியை இங்கே சேர்க்க என்ன பாடு பட்டிருப்பாய் என்று நினைக்க நினைக்கப் பயமாக இருக்கிறது.

புது ஹீட்டரை மெக்கானிக் மாட்டிக் கொடுத்தார். உன் தாளின் மேல் துணியில் குறி போடும் சாக்குக்கட்டியால் பெரிதாக 'முதலில் சுவிட்ச்' என்று எழுதியிருக்கிறேன். தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு ஜோடி புது ரப்பர் செருப்பு வைத்திருக்கிறேன். ஒன்று உனக்கு. உன் கால் அளவு எட்டு, எனக்கு அளவெல்லாம் மறக்காது. அவன் மிரண்டால் மிரளட்டும்.

நாளைக் காலை தபால் பை துறைமுகத்துக்குப் போய்விடுமாம். இதை இப்போதே ஓடிப்போய்ப் போடுகிறேன்.

அக்கா

டிசம்பர் 2, படகுத்துறை

அக்கா,

படகு நிற்கிறது. நிலையத் தலைவர் என்னைப் பற்றி மேலிடத்துக்கு எழுதிய புகாரும் இதே பையில்தான் வருகிறது. வேலை இருக்குமோ இருக்காதோ தெரியாது. இருபத்திரண்டாம் தேதியிலிருந்து எழுதி வைத்ததையும் சேர்த்து அனுப்புகிறேன். படிக்காமல் எரித்துவிடு.

உன்னிடமிருந்து இரண்டு உறைகள் வந்திருந்தன. மேலே இருந்ததைப் பிரித்தேன். 25ஆம் தேதி. காந்தம், வெறுங்கால், இரண்டு கை, ஞாயிற்றுக்கிழமை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். படகுக்காரர் வந்து தண்ணீர் கொடுத்தார். "வீட்ல ஏதாச்சும் ஆயிடுச்சா?"ன்னு கேட்டார்.

பிறகு இரண்டாவது உறையைத் திருப்பிப் பார்த்தேன். முகவரி உன் கையெழுத்து. முத்திரை நவம்பர் 30, திங்கட்கிழமை.

அதை இன்னும் பிரிக்கவில்லை. உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் திட்டியிரு. படகுக்காரர் அவசரப்படுத்துகிறார், எனக்கோ எழுத்து தெரியாத அளவுக்குக் கண் கலங்கியிருக்கிறது. அதில் உள்ளதை அப்புறம் படிக்கிறேன், அக்கா. இப்போதைக்கு அந்தத் தேதி போதும்.

தம்பி